கூரத்து ஏரி கண்ட கோமகன்

காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரம் என்றவுடன் கூரத்தாழ்வானை நினைப்போர் பலர். பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மனை நினைப்போர் சிலரே. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இவன், மாமல்லனின் பேரன். 674-ஆம் ஆண்டளவில் சளுக்கிய விக்கிரமாதித்தனிடம் காஞ்சியை இழந்தும் மனந்தளராது, பெருவளநல்லூரில் அப்பகைவனைப் புறங்கண்டான்.

அவன் அறம் வாளோடு அமையவில்லை. மழைக்காலத்து மண்ணை வாரிச்சென்று, கோடையில் வெறுமணலாய்க் கிடப்பது பாலாறு. அதன் நீர் பெரும்பிடுகு என்னும் வாய்க்கால் வழியே பரமேசுவரத் தடாகத்தை அடைந்ததைக் கூரம் செப்பேட்டால் அறிகின்றோம். ஏரியில் தங்கும் நீர் பயிர் வளர்க்கும். படியும் வண்டல் எருவாகும்.

அசீரியப் பகைக்கிடையே குளமும் வாய்க்காலும் கண்ட எசேக்கியா அரசனை இவன் நினைப்பூட்டுகின்றான். வெற்றி ஏட்டில் நிற்கும். நீரறமோ நிலத்தில் நிற்கும். ஏரிகள் தூர்ந்துவரும் இந்நாளில் அவற்றைக் காத்தல் மாணவராகிய நம் கடனன்றோ!