மண்ணுக்கு வரவு செலவு எழுதிய ஜே.சி.குமரப்பா

மானாவாரி நிலம் ஆண்டுக்கு ஆண்டு ஏன் இளைத்துப் போகிறது என்ற கேள்விக்கு, நாம் மண் ஆய்வுக்கூடத்தில் விடை தேடுகிறோம். தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஒருவர், அதே விடையைக் கணக்குப் புத்தகத்தில் தேடினார். நிலத்திலிருந்து எது வெளியே போகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்த்தார். திரும்பி வருவது குறைந்தால் எந்த நிலமும் நொடித்துப் போகும் என்றார். அவர்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா.

கோட்டு சூட்டுக் கணக்கர்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி, தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். லண்டனில் தணிக்கையாளராகத் தேர்ச்சி பெற்று, மும்பையில் தொழில் நடத்தினார். உடையிலும் பழக்கத்திலும் முழு ஐரோப்பியராகவே இருந்தார்.

1927-ல் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். முதலில் சிராக்யூஸ், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தபோது, இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆங்கில அரசின் வரி, செலவுக் கணக்குகளை வரி வரியாகப் படித்தார். விளைவித்தவன் கையில் எதுவும் தங்காமல் செல்வம் ஒரே திசையில் வெளியேறுவதை அந்தக் கணக்குகளில் கண்டார். பிற்காலத்தில் மண்ணைப் பார்த்ததும் இதே கண்ணோடுதான்.

ஆய்வை வெளியிடும் எண்ணத்தோடு 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. கதர் உடுத்தினார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

கிராமத்தைத் தணிக்கை செய்தவர்

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்தின் கேடா மாவட்டம் மாதர் வட்டத்தில் கிராமப் பொருளாதார ஆய்வு. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். வீடு வீடாக வரவு, செலவு, கடன், மாடு, நிலம், விளைச்சல் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். விவசாயியின் உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. இன்று வேளாண் பொருளியல் மாணவர்கள் செய்யும் சாகுபடிச் செலவுக் கணக்குக்கு இது ஒரு முன்னோடி.

1934-ல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது, நிவாரண நிதியின் கணக்கு அவரிடம் வந்தது. துயர்பட்ட மக்களுக்கு வந்த பணத்தில் காந்தியோடு வந்தவர்களின் செலவை எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். கணக்கில் அவ்வளவு கறார்.

அந்த ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். மகன்வாடி என்ற இடத்தில் செக்கு, தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி, காகிதம், பனைவெல்லம், புகையில்லா அடுப்பு என்று பலவற்றிலும் ஆராய்ச்சி நடந்தது. கிராமத் தொழில்களுக்கும் மண் வளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குமரப்பாவின் கணக்கில் இரண்டும் ஒரே பேரேட்டில்தான் வந்தன.

நிலத்தை விட்டுப் போகும் நான்கு

முதலாவது, எண்ணெய் வித்து. ஊரிலேயே செக்கில் ஆட்டினால் எண்ணெய் மனிதனுக்கும் புண்ணாக்கு மாட்டுக்கும் போகிறது. மாட்டின் சாணமாக அது திரும்ப நிலத்துக்கு வருகிறது. வித்தை மூட்டையாகக் கப்பலேற்றினால் அதோடு மண்ணின் சத்தும் கப்பலேறுகிறது. கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. நல்ல தொழுவுரத்திலேயே அரை சதவீதம்தான். நூறு கிலோ கடலைப் புண்ணாக்கு ஊரை விட்டுப் போனால், ஒரு டன்னுக்கு மேற்பட்ட தொழுவுரத்தின் தழைச்சத்து போனதாக அர்த்தம்.

இரண்டாவது, எலும்பு. அந்தக் காலத்தில் இந்தியாவின் கால்நடை எலும்புகள் பெருமளவில் ஏற்றுமதியாயின. நம் மண்ணின் மணிச்சத்தை அயல்நாட்டு வயல்களுக்குக் கொடுத்துவிட்டு நாம் வெறுங்கையோடு நிற்கிறோம் என்பது அவர் வாதம். ஊரிலேயே எலும்பைப் பதப்படுத்தித் தூளாக்கி நிலத்தில் இட வேண்டும் என்றார். ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எலும்புத்தூள் புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணில் நன்றாக வேலை செய்யும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அதன் மணிச்சத்து எளிதில் கரைந்து பயிருக்குக் கிடைக்காது.

மூன்றாவது, சாணம். விறகு கிடைக்காத ஊரில் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிகிறது. எரியும்போது தழைச்சத்தும் கரிமமும் காற்றில் போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும்தான். அதனால்தான் விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு அவருக்கு அடுப்படி விஷயமாக மட்டும் தெரியவில்லை. எரிக்க விறகு இருந்தால்தான் எருக்குழிக்குச் சாணம் வரும்.

நான்காவது, மனிதக் கழிவும் ஊர்க்குப்பையும். இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவார்டு உருவாக்கிய மட்கு உர முறை அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. குப்பை, சாணம், மண், சாம்பல், மாட்டு மூத்திரம் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, சில முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எருவாகும் முறை அது. கழிவை மட்கவைத்து வயலுக்குத் திருப்பும் வேலை வார்தா வட்டாரக் கிராமப் பணிகளிலும் இடம்பெற்றது.

சிறையில் பிறந்த நூல்

விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' நூல் 1945-ல் வெளிவந்தது. காந்தி முன்னுரை எழுதினார். இயற்கையில் எதுவும் வீணாவதில்லை, உதிர்ந்த இலை எருவாகி அடுத்த செடிக்கு உணவாகிறது, மனிதன் மட்டுமே அந்தச் சுழற்சியை அறுக்கிறான் என்பது அதன் அடிப்படை. நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மரம், மாடு, மனித உழைப்பு போன்றவை ஓடிக்கொண்டே இருக்கும் ஊற்று. இருப்பை நம்பிய வாழ்க்கை சண்டையில் முடியும், ஊற்றை நம்பிய வாழ்க்கை நிலைக்கும் என்று வாதாடினார்.

டிராக்டர் சாணம் போடுமா என்ற அவரது கேள்வி புகழ்பெற்றது. மலபாரில் நெல் வயல்கள் சோப்பு ஆலைகளுக்காகத் தென்னந்தோப்பாவதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு வட்டாரத்து மக்களுக்குத் தேவையான தானியம், பருப்பு, எண்ணெய், பால், காய், பருத்தி எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கேற்ப நிலத்தைப் பங்கிட வேண்டும் என்ற சமச்சீர் சாகுபடித் திட்டத்தையும் முன்வைத்தார்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் அறிக்கை தந்தார். இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனிடம் நிலம் இருக்க வேண்டும், உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது அந்த அறிக்கை. நாளை வெளியேற்றப்படலாம் என்று அஞ்சும் குத்தகைதாரர் வரப்பைப் பலப்படுத்தவோ எரு அடிக்கவோ மாட்டார். நில உரிமையும் மண் வளமும் பிரியாதவை என்பதை நம் மானாவாரி வட்டாரங்களில் இன்றும் பார்க்கிறோம்.

பிறகு வார்தா அருகே செல்தோ கிராமத்தில், தமிழ்ச் சொல்லிலேயே 'பண்ணை ஆசிரமம்' என்று பெயர் சூட்டி, மழையை நம்பிய விதர்பா மண்ணில் தன் சாகுபடிக் கருத்துகளைச் சோதித்தார். உடல்நலம் குன்றியதும் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி, காந்தியின் நினைவு நாளன்று, சென்னையில் காலமானார்.

இன்றைய கணக்கு

குமரப்பா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ரசாயன உரத்தை அவர் முற்றிலும் எதிர்த்தார். மண் ஆய்வில் ஒரு சத்து மிகவும் குறைந்திருந்தால், அளவோடு இடும் உரம் விளைச்சலைக் காக்கும் என்பது வயல் அனுபவம். ஆனால் மட்கு இல்லாத மண்ணில் இட்ட உரம் தங்காது, பெய்த மழையும் தங்காது. அங்கக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறோம். நம் மானாவாரி நிலங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன.

எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பலேறியது அன்றைய கதை. இன்றைய கதையைப் பார்க்கச் சென்னைக்கு வந்தால் போதும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு சந்தைகளில் விற்கும் ஒவ்வொரு கட்டுக் கீரையும் ஏதோ ஒரு நிலத்தின் சத்து. அதன் தோலும் தண்டும் மீந்த சோறும் பல ஆண்டுகளாகப் பெருங்குடிக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கோடு கலந்து குவிந்தன. மட்கு உரமாகி ஊருக்குத் திரும்பியது சிறு பகுதிதான். குமரப்பாவிடம் காட்டினால் இதைச் செலவுப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவார்.

விவசாயிகள் தங்கள் நிலத்துக்கும் இப்படி ஒரு கணக்கு எழுதலாம். ஒரு நோட்டில் இடது பக்கம் நிலத்துக்கு வந்தவை: தொழுவுரம், ஆட்டுக்கிடை, குளத்து வண்டல், தக்கைப்பூண்டு அல்லது கொளுஞ்சி மடக்கி உழுதது, இலைதழை. வலது பக்கம் போனவை: தானியம், கடலைக்கொடி, சோளத்தட்டை, விற்ற எரு, எரித்த தாள், மழையில் அடித்துப்போன மேல்மண். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்ற பரிந்துரையை எத்தனை ஆண்டுகளாக எட்டவில்லை என்பது அப்போது தெரியும். சோளத்தட்டையும் கடலைக்கொடியும் சொந்த மாட்டுக்குப் போனால் இடது பக்கத்துக்கே திரும்பிவிடும். விற்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு கிடை போடவோ வண்டல் அடிக்கவோ ஒதுக்கப்பட வேண்டும்.

பயிர் தாங்காத அளவுக்கு இளைத்த நிலத்தை மேய்ச்சல் நிலமாக மாற்றுவதும் நஷ்டமல்ல. காங்கேயம் பகுதியின் கொறங்காடு இதற்கு நல்ல சான்று. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மழைக்கு முன் மேலாக உழுது புல் விதையைத் தூவி, புல் வேர் பிடிக்கும் வரை மாட்டை விடாமல், பிறகு பகுதி பகுதியாக மாற்றி மேய்க்க வேண்டும். சாணமும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணில் சேர்கின்றன. ஓர் ஆண்டில் பலன் தெரியாது. மூன்று நான்கு மழைக்குப் பிறகு மண் நிறம் மாறுவதைக் கையில் அள்ளியே பார்க்கலாம்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் மண்வள அட்டையைக் கொடுக்கும்போது, இந்த இரண்டு பக்கக் கணக்கையும் விவசாயியோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். இந்த மாசிப் பட்டத்து அறுவடை முடிந்ததும், களத்திலிருந்து எது வண்டியேறுகிறது என்று குறிப்பதில் தொடங்கினால் போதும்.