கடனுக்கு எல்லை வகுக்கக் கோரிய சட்ட அறிஞர்

அக்கரப்பத்தனை மலைகளில் இன்று கொழுந்து பறிப்போரின் முன்னோருக்குத் 'துண்டு' என்பது வெறும் காகிதமன்று, கால் விலங்கு. பயணச் செலவு, அரிசி என்று கங்காணி வழங்கிய முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. அவன் வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், கடன் தொகை குறித்த துண்டைப் புதிய தோட்டத்தார் பணம் செலுத்தித் தீர்க்க வேண்டும். கடனோடு ஆளும் கைமாறினான். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்றால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை காத்திருந்தது.

இதனை எதிர்த்து முன்னின்றவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1853இல் கொழும்பிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் பயின்று பாரிஸ்டரானவர். 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரும் அவரே. நீதித்துறைப் பதவிகளை வகித்தபின் பதிவாளர் நாயகமாகிக் காணி உறுதிப் பதிவுகளைச் சீர்திருத்தினார். காணியை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பவனுக்குக் காப்பு ஒழுங்கான பதிவேடன்றோ? ஆகவே, அவரைக் கடன்கொடுத்தோரின் உரிமை அறியாதவர் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

அக்காலச் சட்டத்தின் இரட்டை முகத்தை நாம் இங்கு நினைவுகூர வேண்டும். நொடித்துப்போன வணிகருக்கு 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துச் சட்டம் இருந்தது. உடைமைகளை ஒப்படைத்து, நீதிமன்றின் வழியாகக் கடனிலிருந்து விடுபட அவருக்கு வழியுண்டு. ஒப்படைக்க உடலுழைப்பன்றி வேறொன்றுமில்லாத தொழிலாளிக்கோ அவ்வழி எட்டாக்கனியாகவே இருந்தது.

1913இல் ஓய்வுபெற்ற அருணாசலம், 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் நிறுவிப் போராடினார். இந்திய அரசின் அழுத்தமும் சேர, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1924 ஜனவரியில் மதுரையில் காலமாகுமுன் அவர் கண்ட வெற்றி இது.

கடனைத் திருப்பிச் செலுத்துவது அறம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் கடன் கொடுத்தவனின் உரிமை கடனாளியின் உடைமையோடு நின்றுவிட வேண்டும்; உடலையும் சுதந்திரத்தையும் தீண்டலாகாது. நகையை அடகுவைத்தும் தவணைக் கடன் பெற்றும் நாட்களைத் தள்ளும் தோட்டக் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கடன் வழங்குவோரும் சட்டம் இயற்றுவோரும் அவ்வெல்லையை மறவாதிருத்தலே அன்னாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.