ரேந்தை கற்பித்த அம்மையார்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் உத்தமபாளையம். மார்கழித் திங்களில் மலைக்காற்று இறங்கி வீசும்பொழுது, அத்தகைய ஊர்களில் உள்ள பாட்டியர் தம் பழைய பெட்டியைத் திறந்து பேரப்பிள்ளைகளுக்குப் போர்வை எடுத்துத் தருவர். அது கடையில் வாங்கிய போர்வை அன்று. கட்டிப் பழகிய நூற்சேலைகள் மூன்று நான்கினை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, நெருங்கத் தையலோட்டி வீட்டிலேயே செய்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இத்தையலை எந்த நூலும் கற்பிக்கவில்லை. தாயின் கையைப் பார்த்து மகளும், மகளின் கையைப் பார்த்துப் பேத்தியும் கற்றுக்கொண்டனர். ஆயினும் அத்தொழிலுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. வீட்டிற்குள் தோன்றி, வீட்டிற்குள்ளேயே தேய்ந்து மறைந்தது அக்கலை.

பெண்களின் கைத்தையல் வீட்டு வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் என்ன நிகழும்? அதற்கு உரிய கூலி, தைத்தவளின் கையிலேயே சேர்ந்தால் அவள் வாழ்வு எவ்வாறு மாறும்? இவ்வினாக்களுக்கு விடை தருவது மார்த்தா மால்ட் அம்மையாரின் வரலாறு.

உத்தமபாளையத்திற்கு மேற்கே நிற்கும் மலைகளுக்கு அப்பால், முற்காலத்தில் திருவிதாங்கூர் நாடு இருந்தது. அந்நாட்டு மலைகளில் பெய்யும் மழையே, 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டது முதல், மலையைக் குடைந்த வழியே வந்து கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்துகின்றது. அதே திருவிதாங்கூரின் தென்கோடியில், குமரிமுனைக்கு அருகே அமைந்தது நாகர்கோவில். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் அப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அம்மையார் வந்து பணியாற்றிய ஊர் அதுவே.

மார்த்தா அம்மையார் இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கில் உள்ள டெவன் பகுதியைச் சேர்ந்தவர். அப்பகுதியில் ஹானிட்டன் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களும் லேஸ் என்று வழங்கும் ரேந்தைப் பின்னலுக்குப் பெயர் பெற்றவை. விக்டோரியா அரசியார் 1840-ஆம் ஆண்டு மணக்கோலத்தில் அணிந்த ஆடையின் ரேந்தையும் டெவன் பகுதிப் பெண்கள் பின்னியதே ஆகும். அரசியின் ஆடைக்கு அழகு செய்த அப்பெண்கள் ஏழை எளியவர்கள். சிறு குடில்களில் அமர்ந்து, கண் நோவ உழைத்தவர்கள்.

சார்லஸ் மால்ட் என்பவர் மார்த்தாவின் கணவர். அவர் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணியாளர். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் கடலிலேயே கழித்தால்தான் இந்தியாவை அடைய முடியும். அவ்வாறு நெடும்பயணம் செய்த இருவரும் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலை வந்தடைந்தனர்.

அக்காலத்துத் திருவிதாங்கூரின் நிலையை இன்று எண்ணினாலும் நெஞ்சம் நடுங்கும். மக்களில் ஒரு பகுதியினர் பிறவியிலேயே அடிமைகளாகக் கருதப்பட்டனர். நிலத்தோடு சேர்த்து அவர்களை விற்றனர், ஒற்றி வைத்தனர், குத்தகைக்கும் விட்டனர். தாய் ஒருவருக்கும் மகள் வேறொருவருக்கும் உடைமையாவதும் உண்டு. பொதுவழியில் நடக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. நாள் முழுதும் வயலில் உழைத்தவர்க்குக் கிடைத்தது சிறிதளவு நெல்லே. அடிமைகள் அல்லாத ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பல தடைகளுக்கு உட்பட்டிருந்தனர். அவ்வகுப்புகளைச் சேர்ந்த பெண்கள் தோளை மறைத்து மேலாடை அணிவதும் குற்றமாகக் கருதப்பட்டது. பெண்ணுக்குக் கல்வி என்பதோ, எவரும் கேட்டறியாத ஒன்று.

இத்தகைய சூழலில் அம்மையார் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். வகுப்பில் அமர மாணவியரைத் தேடுவதே முதற்பணியாயிற்று. பெண் படித்து என்ன பயன் என்று பெற்றோர் தயங்கினர். வயலில் வேலை செய்யும் கைகளை இழக்க உடையவர்கள் விரும்பவில்லை. எனவே மாணவியர் பள்ளியிலேயே தங்கி, உண்டு, உறங்கிப் படிக்குமாறு விடுதி அமைக்கப்பட்டது. தமிழ் எழுத்தும் படிப்பும் கணக்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. அவற்றோடு தையலும் ஒரு பாடமாயிற்று.

எழுத்தறிவு அறியாமையைப் போக்கும். ஆனால் விலைக்கு வாங்கப்பட்ட ஒருத்தியை எழுத்தறிவு மட்டும் விடுவித்துவிடாது. விலைக்கு வாங்கியவர் விலையையே கேட்பார். அப்பணத்தை அவள் எங்கே தேடுவாள்? இதனை உணர்ந்த அம்மையார், தம் நாட்டுப் பெண்களின் கைத்தொழிலை நினைவு கூர்ந்தார். 1821-ஆம் ஆண்டளவில் தம் பள்ளி மாணவியர்க்கு ரேந்தைப் பின்னலைக் கற்பிக்கத் தொடங்கினார்.

ரேந்தை பின்னும் முறை காண்பதற்கு வியப்பூட்டுவது. முதலில், வைக்கோல் முதலியவற்றை இறுகத் திணித்துச் செய்த திண்டு ஒன்று வேண்டும். அதன்மேல் மாதிரித் தாளைப் பொருத்துவர். பூ, இலை, கொடி ஆகியவற்றின் வடிவம் அத்தாளில் நுண்ணிய துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இரண்டிரண்டாகத் திண்டின் மீது தொங்கும். ஒரு கட்டையின் நூலை மற்றொன்றின் குறுக்கே மாற்றுவது ஓர் அசைவு; இரு நூல்களையும் முறுக்குவது மற்றோர் அசைவு. பின்னல் முழுவதும் இவ்விரண்டு அசைவுகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு துளையிலும் குண்டூசியைக் குத்தி, பின்னல் நெகிழாமல் நிறுத்திக்கொண்டே செல்வர். சிறிய பின்னலுக்குச் சில கட்டைகள் போதும். அகலமான பூவேலைக்குப் பல வேண்டும். காலை முதல் மாலை வரை அமர்ந்து உழைத்தாலும் சில விரற்கடை நீளமே வளரும். ஊசிகளை எடுத்துவிட்டால், துணி என ஒன்றும் இல்லாமல் நூலே பூவாக நிற்கும்.

இத்தொழிலில் மாதிரித் தாளே பெருஞ்செல்வம். நல்ல வடிவம் ஒன்றைப் பெற்றவர் அதனை எளிதில் பிறருக்குக் காட்டுவதில்லை. அம்மையாரோ தாம் அறிந்த வடிவங்களை மறைக்காமல் மாணவியர் கையில் கொடுத்தார். கற்றவள் அத்தாளின்மேல் வேறொரு தாளை வைத்துத் துளையிட்டால், அவ்வடிவம் அவளுக்கும் உரியதாகிவிடும். ஒருத்தி பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் அது குறைவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகக்கூடிய சொத்து அது. நிலமும் பொன்னும் இல்லாத பெண்களுக்குக் கிடைத்த முதற்சொத்து அதுவே எனலாம்.

மாணவியர் பின்னிய ரேந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களில் விலை போயின. விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியதோடு, பின்னியவர்களுக்குக் கூலியாகவும் கிடைத்தது. அவர்களுள் அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியரும் இருந்தனர். அன்றுவரை பணத்தைத் தம் கையால் தொட்டறியாத அவர்கள், காசு காசாகச் சேர்த்தனர். சேர்த்த பணத்தைத் தம்மை உடையவரிடம் செலுத்தி விடுதலை பெற்றனர். பொன்னும் பொருளும் ஈந்து பிறரை மீட்ட வள்ளல்களைப் பற்றி நாம் படித்திருக்கின்றோம். இங்கோ, சிறுமியர் தம் கைத்தொழிலால் தம்மையே மீட்டுக்கொண்டனர். வழிகாட்டியது அம்மையாரின் பணி. விடுதலையை ஈட்டியது அவர்களுடைய உழைப்பு.

தையலால் விளைந்த மாற்றம் இஃது ஒன்று மட்டும் அன்று. சமயப் பணியாளர்களின் மனைவியர் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களுக்கெனத் தளர்ந்த சட்டை ஒன்றை அமைத்துத் தந்தனர். அதனைத் தைக்கக் கற்ற பெண்கள், தாமே தைத்து அணிந்து பொதுவிடங்களில் நடந்தனர். அதனைப் பொறாதவர்கள் சந்தையிலும் வழியிலும் அவர்களைத் தாக்கினர், ஆடையைக் கிழித்தனர், பள்ளிகளுக்கும் தீயிட்டனர். 1822-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தோள்சீலைப் போராட்டம், இடையிடையே தணிந்தும் எழுந்தும் நெடுங்காலம் நீடித்தது. கிழிக்கப்பட்ட ஆடையை மீண்டும் தைத்து அணிந்த பெண்களின் உறுதியே அப்போராட்டத்திற்கு உயிராய் இருந்தது. இறுதியில், 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர், நாடார் குலப் பெண்கள் மேலுடல் மறைக்கும் உரிமையை ஏற்று ஆணையிட்டார். முழு உரிமை அதற்குப் பின்னரே படிப்படியாக வந்தது.

அடிமை முறையை ஒழிக்கும் முயற்சியும் அதே காலத்தில் நடைபெற்றது. 1847-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் பணியாற்றிய மிஷனரிமார் ஒன்றுகூடி, அடிமைகளை விடுவிக்குமாறு மன்னருக்கு விண்ணப்பம் அளித்தனர். 1855-ஆம் ஆண்டில் பிறந்த அரசாணை அந்நாட்டில் அடிமை முறையை ஒழித்தது. அவ்வாணைக்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே ரேந்தைத் திண்டின் முன் அமர்ந்த சிறுமியர் சிலர், தம் விடுதலையைத் தாமே பின்னத் தொடங்கிவிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததையும் இங்கே ஒப்பிட்டுக் காணலாம். ஜான் ஹீத்கோட் என்பவர், ரேந்தை வலையை நெய்யும் இயந்திரம் ஒன்றை 1809-ஆம் ஆண்டளவில் அமைத்தார். தம் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய தொழிலாளர்கள் 1816-ஆம் ஆண்டில் அவருடைய ஆலையைத் தாக்கி இயந்திரங்களை உடைத்தனர். அவர் தம் தொழிலை டெவன் பகுதிக்கே மாற்றிக்கொண்டார். இயந்திர ரேந்தை பெருகப் பெருக, கையால் பின்னியவர்களின் கூலி குறைந்தது. அம்மையாரின் பிறந்த பகுதியில் நலிவுற்று வந்த அக்கைத்தொழில், கடல் கடந்து வந்து நாகர்கோவிலில் வேர்விட்டது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாகர்கோவிலில் வாழ்ந்த மால்ட் குடும்பத்தார் பின்னர்த் தாயகம் திரும்பினர். அம்மையார் சென்ற பின்னும் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. அப்பள்ளி டதி பள்ளி என்னும் பெயரோடு இன்றும் நாகர்கோவிலில் விளங்குகின்றது. ரேந்தைத் தொழில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கும் பரவிப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது.

அத்தொழிலை வேறோர் ஊருக்கு எடுத்துச் சென்ற பெருமை அம்மையாரின் மகள் எலிசாவைச் சாரும். நாகர்கோவிலில் வளர்ந்த எலிசாவுக்குத் தமிழ் இளமை முதலே பழகிய மொழி. அவர் 1844-ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெலை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்த பேரறிஞர் கால்டுவெல் இவரே. கணவர் மொழிகளின் இழைகளைப் பிரித்து ஆராய்ந்த ஊரில், மனைவி பெண் குழந்தைகளைக் கூட்டிப் படிப்பும் ரேந்தைப் பின்னலும் கற்பித்தார். செம்மணல் தேரிகள் சூழ்ந்த அவ்வூரில் பனைத் தொழில் ஆண்டில் சில திங்களே நடைபெறும். வறுமை சூழ்ந்த எஞ்சிய நாள்களில், ரேந்தைத் திண்டு வீட்டுக்கு ஆதரவாயிற்று. கால்டுவெல் 1891-ஆம் ஆண்டில், உத்தமபாளையத்திற்கு வடக்கே உள்ள கோடைக்கானல் மலையில் காலமானார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. எலிசா அம்மையார் 1899-ஆம் ஆண்டில் மறைந்தார்.

மார்த்தா அம்மையார் பெருநூல் எழுதியவர் அல்லர். அரசியல் மேடை ஏறியவரும் அல்லர். தம் ஊர்ப் பெண்கள் அறிந்திருந்த எளிய கைத்தொழில் ஒன்றை, அதனை மிகவும் வேண்டி நின்றவர்க்கு மறைக்காமல் கற்பித்தார். அதன் ஊதியம் உழைத்தவரையே சேருமாறு செய்தார். இவ்விரண்டுமே அவர் செய்த தொண்டு.

நம் வீட்டுப் பெட்டியில் பாட்டி தைத்த போர்வை ஒன்று இருக்கலாம். தாயார் வரைந்து வைத்த பூவேலை மாதிரி ஒன்றும் இருக்கலாம். அவற்றைப் பழையன என்று தள்ளிவிடாமல், அவற்றைச் செய்த கைகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்போமாக. அத்தையல் அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே அதனைக் கேட்டுக் கற்றுக்கொள்வோமாக. கற்றபின், அறியாத ஒருவருக்கேனும் அதனைக் கற்பித்தலே மால்ட் அம்மையாருக்கு நாம் செய்யும் தக்க கைம்மாறு ஆகும்.