நின்று வளர்ந்த நுண்ணுயிர்கள்

ஜாக் மோனோ 1910ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஓவியர், தாய் அமெரிக்க நாட்டவர். இளமைக்காலம் கடற்கரை நகராகிய கானில் கழிந்தது. சிறுவயதில் தாக்கிய இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் வலுக்குன்றியது. ஆயினும் அவர் பாறை ஏறினார். பாய்மரப் படகு செலுத்தினார். செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை இசைப்பதிலும் வல்லவர். இசையா, அறிவியலா என்று முடிவு செய்ய அவருக்கு நெடுநாள் ஆயிற்று.

முனைவர் பட்டத்துக்காக, குடலில் வாழும் ஈ.கோலை முதலிய பாக்டீரியாக்களை அவர் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தார். இருவகைச் சர்க்கரைகளை ஒன்றாகக் கலந்து, அவை பெருகும் வேகத்தை வரைபடமாகத் தீட்டினார். குளுக்கோசுடன் வேறு சில சர்க்கரைகள் சேர்ந்தபோது, கோடு உயர்ந்து, இடையில் சற்றுக் கிடையாக நின்று, மீண்டும் உயர்ந்தது. குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றது. சிறிது நேரம் சென்ற பின்னரே பாக்டீரியாக்கள் இரண்டாம் சர்க்கரையை உண்ணத் தொடங்கின. அந்தச் சிறு இடைவேளையில் உயிரணுவுக்குள் நிகழ்ந்தது என்ன? விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அதற்குள் 1940இல் ஜெர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியது. மோனோ மறைமுக எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். பிடிபட்டால் உயிர் தப்புவது அரிது. இரகசியத் தாள்களை, ஆய்வகத்துக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் உள்ளீடற்ற கால் எலும்புக்குள் ஒளித்து வைத்தார். (உயிருள்ள ஒட்டகச்சிவிங்கி அன்று; காட்சிக்கு வைக்கப்பட்டது!) தமது ஆய்வகத்துக்குச் செல்வது ஆபத்தானபோது, பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே ல்வோஃப் அவருக்கு இடமளித்தார்.

போருக்குப் பின் மோனோ அந்நிறுவனத்திலேயே ஆய்வைத் தொடர்ந்தார். இம்முறை எடுத்துக்கொண்டது பாலில் உள்ள லாக்டோஸ். அதனைப் பிளக்க ஒரு நொதி வேண்டும். லாக்டோஸ் இல்லாதபோது உயிரணுவில் அந்நொதி மிகச் சிலவே இருக்கும். லாக்டோஸ் கிடைத்தால் சில நிமிடங்களில் பெருகத் தொடங்கிவிடும். உயிரணுவுக்குள் உருவாகும் ஒரு பொருளே நொதியாக்கத்தைத் தூண்டுகிறது என மோனோ கருதியிருந்தார். போரில் காயமுற்றதால் அறுவை மருத்துவராகும் கனவை இழந்து ஆய்வுக்கு வந்த பிரான்சுவா ஜாக்கோப், அமெரிக்கரான ஆர்தர் பார்டி ஆகியோருடன் அவர் நடத்திய சோதனை அக்கருத்தைப் பொய்யாக்கியது. மோனோ அதனைக் கைவிட்டார். எளிதன்று அது.

உண்மை இதுதான்: நொதியைச் செய்யும் மரபணுக்களுக்கு முன்னால் அடக்கிப் புரதம் ஒன்று பூட்டுப்போல் அமர்ந்துள்ளது. லாக்டோஸ் உள்ளே வந்து சற்றே உருமாறி அப்புரதத்தைப் பற்றுகிறது. பூட்டு கழன்று விழ, மரபணுக்கள் செயற்படுகின்றன. சர்க்கரை தீர்ந்தால் பூட்டு மீண்டும் விழும். குளுக்கோஸ் உள்ளவரை லாக்டோஸ் உள்ளே நுழைவதே தடைப்படுகிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. வரைபடத்தில் கண்ட இடைவேளை, புதிய நொதியைச் செய்துகொள்ளும் நேரமே. ஈ.கோலையிடம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. பசிக்காலத்தில் அனைத்தையும் ஒருங்கே இயக்கும் உயிரணு, ஆற்றலை வீணாக்கிப் பிறவற்றிடம் தோற்கும்.

1961இல் ஜாக்கோபும் மோனோவும் இவ்விளக்கத்தை விரிவாக வெளியிட்டனர். 1965இல் ல்வோஃப் உட்பட மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் மோனோ பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநரானார். 1976 மே 31 அன்று கான் நகரில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே லாக்டோஸ் பூட்டைப் பயன்படுத்தி, ஈ.கோலைக்குள் மனித இன்சுலினை அமெரிக்க அறிவியலாளர்கள் உருவாக்கினர்.