பொறுப்பேற்ற ஒரு மருத்துவர்

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையைப் பற்றி நம் அன்பர்கள் அனைவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு அடித்தளமிட்டவர் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி (1904-1961).

பெங்களூரில் இருந்த பழைய பைத்தியக்கார விடுதி 1925-ல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1930-களில் லக்கசந்திராவில் விசாலமான வளாகமும் கிடைத்தது. டாக்டர் பிராங்க் நொரோனாவுக்குப் பின் அதன் கண்காணிப்பாளரானார் கோவிந்தசாமி. நம் வீடுகளில் கீழ்ப்பாக்கம் என்றாலே கேலியாக நினைத்த காலம் அது. மனநோயாளியைப் பூட்டி வைப்பதுதான் வைத்தியம் என்று பலரும் நம்பினார்கள்.

1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை நிலைமையை எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை. இந்தியாவிலோ 40,000 பேருக்கு ஒன்று! படுக்கைகளைக் கூட்டினால் மட்டும் போதுமா? வைத்தியம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டாமா? அதற்காகவே 1954-ல் அகில இந்திய மனநல நிலையம் அதே வளாகத்தில் தொடங்கப்பட்டது. கண்காணிப்பாளரே முதல் இயக்குநரும் ஆனார். மருத்துவமனை மாநில அரசினுடையது, நிலையமோ மத்திய அரசின் திட்டம். இரண்டு எஜமானர்களுக்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அரசுப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மனநல மருத்துவத்துக்கு ஒரு டிப்ளமோ, மருத்துவ உளவியலுக்கு ஒரு டிப்ளமோ என்று இரு படிப்புகளும் அங்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பமாயின. டாக்டர் மட்டும் போதாது, நோயாளியின் மனதை ஆராயும் உளவியலாளரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. மேல்நாட்டு மருத்துவத்தில் ஊறிய அவர், பகவத் கீதையின் சரணாகதித் தத்துவத்தை மனநலத்தோடு இணைத்தும் எழுதினார்.

அவர் செய்தவை எல்லாம் நிலைத்துவிடவில்லை. மூளையில் செய்யும் லூகோட்டமி அறுவை சிகிச்சை பற்றி 1944-ல் லான்செட் இதழில் சக மருத்துவருடன் கட்டுரை எழுதினார். 1950-களில் நல்ல மருந்துகள் வந்ததும் உலகெங்கும் அந்த முறை மெல்லக் கைவிடப்பட்டது. விஞ்ஞானத்தில் இது இயற்கைதான்.

ஆனால் அவர் ஏற்படுத்திய பயிற்சி முறை நிலைத்தது. 1974-ல் மருத்துவமனையும் நிலையமும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆயின. 2012-ல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. சிகிச்சை முறைகள் மாறும், மருந்துகளும் மாறும். தமக்குப் பின் வருபவர்களைத் தயார் செய்பவரே நல்ல தலைவர் என்பதற்கு டாக்டர் கோவிந்தசாமியின் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.