மூன்று வோட்டுக்களும் ஸ்ரீ சத்தியமூர்த்தியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒவ்வொரு ராஜ்யத்தின் கவர்னரையும் ஜனங்களே வோட்டளித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே அபேக்ஷகரைக் காட்டிலும் அவருக்காகத் தேர்தலை நடத்துபவரே சில சமயம் அதிகமாகப் பேசப்படுகிறார். நம் தேசத்திலோ கவர்னர் நியமனம் பெற்று வருபவர். பிரஜைகள் விரும்பினாலும் வெறுத்தாலும் ஒன்றே. ஆகவே நம் மாகாணத்தில் மெய்யான பலப்பரீட்சை பலமுறை கட்சிக் கமிட்டிக்குள்ளேயே நடந்தது. 1940-ஆம் வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைமைக்கு நடந்த போட்டி அத்தகையது. அதை முன்னின்று நடத்தியவர் ஸ்ரீ சத்தியமூர்த்தி.

அன்னார் 1887-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். கிறிஸ்தவக் கலாசாலையிலும் சட்டக் கலாசாலையிலும் பயின்று வக்கீலானார். வக்கீல்களுக்கு வாய்த்திறன் உண்டென்பது உலக அபிப்பிராயம். (நம்மைப் போன்றோர் அதைப் பொய்ப்பித்து வருவதும் உண்டு!) சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி எழுந்து நின்றால் சர்க்கார் தரப்பினர் காகிதங்களைத் தேடத் தொடங்குவர். 1934-ல் மத்திய சட்டசபைத் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சித் தூண்களில் ஒருவரான ஸர் ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னை நகரிலேயே தோற்கடித்தார். அவருடைய கருத்துக்கள் யாவும் நமக்கு உடன்பாடென்று நேயர்கள் எண்ணவேண்டாம். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியை எதிர்த்து அவர் வாதாடியது தவறான வழக்குக்குச் செலவான திறமையேயாகும்.

1937-ஆம் வருஷத்துத் தேர்தலில்தான் அவருடைய கைத்திறன் முழுமையும் வெளிப்பட்டது. சொத்தையும் வரியையும் படிப்பையும் பார்த்து வோட்டுரிமை அளித்த காலம் அது. வோட்டில்லாதவர்களையும் கூட்டத்துக்கு இழுக்கவேண்டுமென்பதை அவர் அறிந்திருந்தார். ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் காங்கிரஸ் மேடைகளில் ஒலித்தது அவருடைய முயற்சியாலேயே. காங்கிரஸுக்குரிய மஞ்சள் பெட்டி பட்டிதொட்டியெங்கும் பிரசித்தமாயிற்று. சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. ஆனால் தாம் நிற்க எண்ணிய சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தவர், மந்திரிசபையிலும் இடம் பெறவில்லை. அவ்வளவு உழைத்தவருக்கு அது நியாயமல்லவென்றே நாம் கருதுகிறோம்.

இரண்டு கோஷ்டிகளுக்கிடையே இருந்த பிளவு 1940-ல் நேருக்குநேர் போட்டியாக முற்றியது. ராஜாஜியின் தரப்பில் கோயம்புத்தூர் ஸ்ரீ சி. பி. சுப்பையா நின்றார். ஸ்ரீ சத்தியமூர்த்தி நிறுத்தியவரோ பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்டுவிட்ட, 36 வயதே நிரம்பிய விருதுநகர் ஸ்ரீ காமராஜ். முடிவு 103-க்கு 100.  இரண்டு வோட்டு மாறியிருந்தால் தோல்வி நம் கதாநாயகருக்கு!

வெற்றிக்குப் பின் நடந்ததே நம் மனத்தில் ஆழப் பதிகிறது. 1936-ல் ஸ்ரீ சத்தியமூர்த்தி தலைவராகவும் ஸ்ரீ காமராஜ் காரியதரிசியாகவும் இருந்தனர். இப்பொழுது சிஷ்யர் தலைவரானார். சென்னை மேயர் பதவியிலிருந்த, 52 வயதான குரு, அவருக்குக் கீழ்க் காரியதரிசியாக அமர்ந்தார். கமிட்டிக் கணக்கையும் கடிதங்களையும் பார்க்கும் வேலை அது. அதே வருஷத்தில் சென்னையின் தாகம் தீர்க்கும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அஸ்திவாரமும் இடப்பட்டது.

ஏலகிரி அடிவாரத்தில் வாழும் நமக்கு இச்சரித்திரம் தூரத்துச் செய்தியன்று. 1941-ல் ஸ்ரீ காமராஜ் வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் முனிசிபல் சேர்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942 ஆகஸ்டில் பம்பாயிலிருந்து திரும்புகையில், போலீஸார் கண்ணில் படாமல் அரக்கோணத்தில் இறங்கி, தோல் பதனிடும் ஊராகிய ராணிப்பேட்டையில் ஒரு தேசபக்தர் இல்லத்தில் தங்கி, ஜில்லா ஜில்லாவாகச் சென்று இயக்கத்துக்கு ஏற்பாடு செய்த பின்னரே கைதானார். ஸ்ரீ சத்தியமூர்த்திக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் முதுகெலும்பில் காயமுற்று, 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். பூண்டித் தேக்கம் 1944-ல்தான் முடிவுற்றது. பிற்காலத்தில் அது அவர் பெயரையே தாங்கியது.

1954-ல் சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைமைக்கு மீண்டும் போட்டி வந்தது. ஸ்ரீ காமராஜ் 93-க்கு 41 என்ற கணக்கில் ஸ்ரீ சி. சுப்பிரமணியத்தை வென்றார், தோற்றவரையே மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். ஸ்ரீ சத்தியமூர்த்தி மறைந்து அப்பொழுது 11 வருஷங்கள் ஆகியிருந்தன.