கலைக்குக் கணக்கெழுதிய சேலத்துச் செம்மல்

கலைஞனுக்குக் கணக்கு வராது என்பது நம் நாட்டில் ஊறிப்போன எண்ணம். வணிகவியல் பயிலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. என் கட்சிக்குச் சான்றாக வேறெங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர்தாம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் அவர்கள்.

திருச்செங்கோட்டில் ஜவுளி வணிகம் செய்த செல்வக் குடும்பத்தில் 1907ஆம் ஆண்டு பிறந்தார். நெசவுத் தொழில்நுட்பம் பயில இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று, கிளாடிஸ் என்னும் ஆங்கில மங்கையை மணந்து, 1930களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். தறியும் நூலுமாக வாழ வேண்டியவரைப் பேசும்படம் இழுத்துக்கொண்டது. முதலில் ஏஞ்சல் பிலிம்ஸ் வேலாயுதம் பிள்ளையுடன் கூட்டுச் சேர்ந்தார். அன்று தமிழ்ப் படம் எடுக்கப் பெரும்பாலும் கல்கத்தா போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டியிருந்தது. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் அனைவருக்கும் ரயில் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு! படம் முடியும் முன்பே பணப்பை காலியாகிவிடும். இந்தச் செலவுக் கணக்கே சேலத்தில் ஒரு ஸ்டூடியோ எழக் காரணமாயிற்று என்பது என் கருத்து. ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாயிற்று. 1937இல் முதல் படமான ‘சதி அகல்யா’ வெளிவந்தது.

நாடகக் கம்பெனிகளின் நிலையை நாம் அறிவோம். மழை பெய்தால் வசூல் இல்லை. வசூல் இல்லையேல் சம்பளம் இல்லை. சுந்தரம் அவர்கள் ஸ்டூடியோவை ஓர் ஆலைபோல நடத்தினார். எழுத்தாளருக்கும் தொழில்நுட்பக் கலைஞருக்கும் மாதச் சம்பளம். எல்லோருக்கும் வேலை நேரம். ஒவ்வொரு படத்திற்கும் திட்டமிட்ட செலவு. கலைஞர் மு. கருணாநிதி அங்கே வசனம் எழுதினார். கவிஞர் கண்ணதாசன் அந்நிறுவனத்தின் ‘சண்டமாருதம்’ இதழில் பணியாற்றினார். இசையமைப்பாளர் ஜி. இராமநாதனின் புகழ் பரவிய ‘மந்திரி குமாரி’ (1950) இங்கே உருவானதே.

சென்னைக்கும் சேலத்திற்கும் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். ஒரு நடிகர் வந்து சேராவிட்டால் அரங்கம், விளக்கு, வாத்தியக் கோஷ்டி எல்லாம் சும்மா கிடக்கும். கூலி மட்டும் ஓடும். ஆகவே யார், என்று, எந்தக் காட்சிக்கு என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது அங்கே உயிர்நாடி. (நம் கல்லூரி விழா நாடக ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்!) நேரந்தவறுவோரிடம் அவர் கடுமை காட்டினார் என்ற பெயர் உண்டு. பெரிய நட்சத்திரங்களும் அவரிடம் அடங்கியே நடந்தனர். கலைஞரின் மனம் இதனால் வாடியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரம் தாமதித்தால் முதலில் பட்டினி கிடப்பவர் விளக்குத் தூக்கும் தொழிலாளி அல்லவா? நான் அவர் பக்கமே நிற்பேன்.

சிக்கனக்காரர் என்று அவரைச் சுருக்கிவிடவும் கூடாது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்தை எடுத்தார். அம்மொழிப் பேசும்படத்திற்குச் சந்தை உண்டா என்று அதுவரை எவரும் சோதித்ததில்லை. 1942இல் ‘மனோன்மணி’யில் பணத்தை வாரி இறைத்தார். பிலிம் பஞ்சத்தால் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டிப்போட்ட போர்க்காலத்திலும் அரங்கம் ஓயவில்லை. 1945இல் ‘பர்மா ராணி’ வந்தது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாயிற்று. 1961இல் மலையாளத்திற்கும் ‘கண்டம் பெச்ச கோட்டு’ மூலம் முதல் வண்ணம் தந்தார். ஒழுங்காகக் கணக்கு வைத்தவருக்கே இப்படித் துணிந்து செலவிட முடிந்தது.

ஒரு குறை மட்டும் எனக்குப் படுகிறது. தயாரிப்பு, இயக்கம், வரவுசெலவு எல்லாம் ஒருவர் தலையிலேயே இருந்தன. 1963 ஆகஸ்ட் மாதம் அவர் மறைந்தார். மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்று ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ முதலிய படங்களைத் தந்தார். நூறு படங்களுக்கு மேல் கண்ட நிறுவனம் 1980களில் ஓய்ந்தது. அரங்குகள் இருந்த இடத்தில் இன்று வீடுகள். ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு நிற்கிறது.